பட்டம் வேண்டாத பாரடே

மனிதன் வாயால் பேசும் மொழி ஒன்று. வாயைத் திறவாமலே பேசும் மொழி மற்றொன்று. உடுக்கும் உடை பேசும். அமரும் நாற்காலி பேசும். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் எழுத்துகள் பேசும். நான் இன்னான், என் தகுதி இவ்வளவு என்று பிறருக்கு உணர்த்தாமல் எவரும் ஒரு நாளும் வாழ்வதில்லை. சிலர் அதனை முரசறைந்து உணர்த்துகின்றனர். சிலர் அடங்கி நின்று உணர்த்துகின்றனர்.

நிறைகுடம் தளும்பாது என்பது நம் ஊர்ப் பழமொழி. எழுத்தறியாத என் பாட்டியும் இதைச் சொல்வார். வள்ளுவப் பெருந்தகையோ அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. தளும்பாத குடமெல்லாம் நிறைகுடம்தானா? அடியில் சிறிதளவே நீர் கிடக்கும் குடமும், அசைக்காமல் மூலையில் வைத்தால் தளும்புவதில்லையே!

என் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவன் நானே முதல். முதலாண்டில் ஒரு நாள், மின்காந்தத் தூண்டல் பற்றிய பாடத்தின்போது விரிவுரையாளர் ஒரு வினாத் தொடுத்தார். எனக்கு விடை தெரியும். ஆனால் நான் எழவில்லை. ஆங்கிலச் சொல் ஒன்று தவறினால் வகுப்பு சிரிக்குமே என்ற எண்ணம் என் கால்களைக் கட்டிவிட்டது. மணி அடித்த பின், எனக்கு விடை தெரியும் என்பதை அறிந்த நண்பர் ஒருவர், நீ அடக்கமானவன் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு பகலில் இனித்தது. இரவில் படுத்தபோது கசந்தது. நான் காட்டியது அடக்கமா? அச்சமா?

அந்த வினாவைச் சுமந்துகொண்டு நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டியபோதுதான், மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை என் கையில் கிடைத்தது. நமது பாடநூலில் அவர் ஒரு விதி. மின்தேக்குத் திறனுக்கு ஓர் அலகு. அவர் வாழ்க்கையிலோ அடக்கம் என்றால் எது, அடக்கம் அல்லாதது எது என்பதற்குத் தெளிவான விடை இருக்கிறது. என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் அதனை இங்கே கூற விழைகிறேன்.

கொல்லன் மகன்

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், லண்டனை அடுத்திருந்த நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாரடே ஒரு கொல்லர். நோயாளியான அவரால் நாள்தோறும் வேலை செய்ய இயலவில்லை. 1801ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்று வீட்டில் அளந்து கொடுத்தார்கள். எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது.

1804இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவல் பையனாகச் சேர்ந்து, வீடுவீடாகச் செய்தித்தாள் கொண்டு கொடுத்தார். அடுத்த ஆண்டு, புத்தகம் பைண்டு செய்யும் தொழிலை ஏழாண்டுகள் பயில அக்கடையிலேயே அமர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அவற்றைப் படிக்கவும் செய்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எளிய உரையாடலாக எழுதிய வேதியியல் நூலும் அவருடைய கண்களைத் திறந்தன. படித்ததை அப்படியே நம்பாமல், சில்லறைக் காசுக்குப் பொருள் வாங்கிச் சிறுசிறு சோதனைகளைச் செய்து பார்த்தார்.

1810இல் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் மாலை நேர அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தி வந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுத் தொழில் செய்துவந்த அண்ணன் ராபர்ட் அந்தக் காசைத் தந்தார். தம்பி படிக்க அண்ணன் உழைக்கும் காட்சி நம் ஊர்களுக்குப் புதிதன்று. நம்மில் எத்தனை பேருடைய கட்டண ரசீதுக்குப் பின்னால் ஓர் அண்ணனின் வியர்வை இருக்கிறது!

பேசிய புத்தகம்

டேட்டத்தின் சொற்பொழிவுகளைக் கேட்ட பாரடே, கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, கருவிகளின் படங்களையும் வரைந்து வைத்தார். கடை முதலாளி ரீபோ அக்குறிப்பேடுகளை வாடிக்கையாளர்களிடம் காட்டி மகிழ்ந்தார். அதன் பயனாக வில்லியம் டான்ஸ் என்னும் இசைக் கலைஞரின் கவனம் பாரடே மீது விழுந்தது. ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றவிருந்த சொற்பொழிவுகளுக்கு அவர் நுழைவுச் சீட்டுகள் தந்தார். 1812ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நான்கு சொற்பொழிவுகளைப் பாரடே மாடத்தில் அமர்ந்து கேட்டார்.

அக்கால இங்கிலாந்தில் அறிவியல் என்பது பெரும்பாலும் கனவான்களின் துறை. பிறப்பும் பணமும் உடையோர் ஓய்வு நேரத்தில் அறிவைத் தேடினர். புத்தகம் தைக்கும் இளைஞன் அங்கே எப்படி நுழைவது? ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்குப் பாரடே ஒரு மடல் எழுதினார். பதில் வரவில்லை. வேறொருவராயின் அத்தோடு சோர்ந்திருப்பார். தம்மைப் போன்றோர்க்கு இவை எட்டா என்று ஒதுங்கி, அந்த ஒதுக்கத்திற்கு அடக்கம் என்று பெயரும் சூட்டியிருப்பார்.

பாரடே அவ்வாறு செய்யவில்லை. டேவியின் நான்கு சொற்பொழிவுகளுக்கும் எடுத்த குறிப்புகளை விரிவாக எழுதினார், படங்கள் வரைந்தார், ஏறத்தாழ 300 பக்கங்கள் கொண்ட அதனைத் தம் கையாலேயே அழகாகப் பைண்டு செய்தார். 1812 டிசம்பரில் அதனை டேவிக்கே அனுப்பி, அறிவியல் தொடர்பான வேலை ஏதேனும் வேண்டும் என்று மடலும் இணைத்தார்.

நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். இது தற்பெருமையா? அந்தப் புத்தகத்தில் பாரடேயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முழுவதும் டேவியின் கருத்துகளே. ஆனால் ஒவ்வொரு பக்கமும் அதை எழுதியவன் எத்தகையவன் என்று சொல்லாமல் சொல்லியது. கவனம் தெரிந்தது, புரிதல் தெரிந்தது, கைத்திறன் தெரிந்தது, உழைப்பு தெரிந்தது. தம்மை முன்னிறுத்தாமல் தம் வேலையை முன்னிறுத்தினார் பாரடே. திறமையை ஒளித்து வைப்பது வேறு, அடக்கம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டேவி அவரை அழைத்துப் பேசினார். பைண்டிங் தொழிலை விட்டுவிட வேண்டாம் என்று அறிவுரையும் கூறினார். ஆயினும் சில வாரங்களில் அந்நிறுவனத்தில் ஓர் உதவியாளர் இடம் காலியானபோது அவர் நினைவுக்கு வந்தவர் பாரடேதான். 1813 மார்ச் 1ஆம் நாள் பாரடே வேலையில் அமர்ந்தார். வாரத்திற்கு 25 ஷில்லிங் சம்பளம். கட்டடத்தின் மேல்தளத்தில் இரண்டு அறைகள். எரிக்கக் கரியும் மெழுகுவர்த்தியும்.

ஏறியவரும் ஏணியும்

டேவியைப் பற்றியும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவரும் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். 1778இல் பென்சான்ஸ் என்னும் கடற்கரை ஊரில் ஒரு மரச்சிற்பியின் மகனாகப் பிறந்தவர். கடன் சுமையோடு தந்தை இறந்தார். அந்நிலையிலிருந்து தம் அறிவாற்றலால் எழுந்து, 1807இல் சோடியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்களைப் பிரித்தெடுத்து உலகை வியக்க வைத்தவர். அவருடைய சொற்பொழிவைக் கேட்கச் சீமான்களும் சீமாட்டிகளும் திரண்டனர். 1812இல் சர் பட்டம். 1818இல் பாரோனெட் பட்டம். 1820இல் ராயல் சொசைட்டியின் தலைமை.

ஆனால் ஏறியவர்க்கு ஏணி அசைந்துவிடுமோ என்ற கவலை இருந்தது. பிறப்பையே பெரிதாகக் கருதிய சமுதாயத்தில், பிறப்பு தராத மதிப்பைப் பட்டமும் பகட்டும் கொண்டு அவர் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தற்பெருமை பல நேரங்களில் வலிமையின் அடையாளமன்று. உள்ளே நடுங்கும் நெஞ்சம் வெளியே பூணும் கவசம். டேவியை எண்ணும்போது எனக்குச் சினத்தைவிட இரக்கமே மிகுதியாகத் தோன்றுகிறது. ஏனெனில் முதல் தலைமுறையாக மேலே வருவோர் அனைவர்க்கும் அந்தக் கவசத்தின்மீது ஆசை உண்டு.

1813 அக்டோபரில் டேவி தம் மனைவியோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். பாரடே அறிவியல் உதவியாளராக உடன் சென்றார். டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் பகை நாடான பிரான்சுக்கு வர மறுத்துவிட்டார். பாரிசில் வேறு ஆள் கிடைக்கும் வரையில் அந்த வேலைகளையும் பாரடே பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. ஆள் கடைசி வரையில் அமையவே இல்லை. டேவியின் மனைவியார் பாரடேயை வீட்டு வேலைக்காரராகவே நடத்தினார். மனம் நொந்த பாரடே, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நண்பருக்கு எழுதும் நிலைக்கு வந்தார். ஆனால் திரும்பவில்லை. பிரெஞ்சும் இத்தாலியமும் கற்றார். பாரிசில் அயோடின் ஆராயப்படுவதை உடனிருந்து கண்டார். மிலான் நகரில் முதிய வோல்டாவைச் சந்தித்தார். அவமதிப்பு ஒருபுறம், அறிவு மறுபுறம் என இரண்டும் ஒரே தட்டில் வந்தபோது, அறிவைத் தமக்கென எடுத்துக்கொண்டார். 1815 ஏப்ரலில் லண்டன் திரும்பினார்.

ஒரு பிழையும் ஒரு பழியும்

பாரடே பிழையே செய்யாதவர் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டறிந்தார். மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தால் சுழலச் செய்யலாம் என்று வாலஸ்டன் என்னும் மூத்த அறிஞர் எண்ணினார். 1821இல் டேவியோடு அவர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. அந்தப் பேச்சு பாரடேயின் காதிலும் விழுந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் பாரடே தம் வழியில் சோதனை செய்தார். பாதரசக் கிண்ணத்தில் காந்தத்தை நிறுத்தி, கம்பி ஒன்றைத் தொங்கவிட்டு மின்னோட்டம் பாய்ச்சினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழன்றது! இன்றைய மின்மோட்டாரின் மூதாதை அதுவே. மகிழ்ச்சியில் விரைந்து கட்டுரை எழுதி வெளியிட்டார். அதில் வாலஸ்டன் பெயரும் இல்லை. டேவி பெயரும் இல்லை.

மறுகணமே பழி எழுந்தது. பெரியவரின் கருத்தை உதவியாளன் திருடிவிட்டான் என்று லண்டன் அறிஞர் வட்டத்தில் முணுமுணுத்தனர். வாலஸ்டன் எதிர்பார்த்தது கம்பி தன் அச்சிலேயே சுழல்வதை. பாரடே கண்டதோ கம்பி காந்தத்தைச் சுற்றி வருவதை. இரண்டும் வேறு. வெளியிடும் முன் வாலஸ்டனைத் தேடிச் சென்றதாகவும், அவர் ஊரில் இல்லை என்றும் பாரடே விளக்கினார். எனினும் அவர் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. பாரடே ஓடி ஒளியவில்லை. வாலஸ்டனுக்கே நேரில் எழுதிச் சந்திக்க வேண்டினார். அப்பெரியவரும் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார்.

தம்மைப் பற்றிப் பேசாமல் இருப்பது மட்டும் அடக்கமன்று. பிறருக்குரிய இடத்தைப் பிறருக்குக் கொடுப்பதும் அடக்கமே. இந்தப் பாடத்தைப் பாரடே முப்பதாவது வயதில் வலியோடு கற்றார்.

1823இல் பாரடேயின் பெயர் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவிக்கு முன்மொழியப்பட்டது. முன்மொழிந்தோரில் வாலஸ்டனும் ஒருவர்! எதிர்த்தவர் யார் தெரியுமா? தலைவர் டேவியே. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று பாரடேயிடம் கூறினார். தாம் வைத்த விண்ணப்பமன்று, முன்மொழிந்தோர் வைத்தது. ஆகவே திரும்பப் பெறும் உரிமை தமக்கில்லை என்று பாரடே பணிவோடு மறுத்தார். குரல் உயரவில்லை, கால் பின்வாங்கவும் இல்லை. 1824 ஜனவரி 8ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு கறுப்புக் குண்டு. அது இரகசிய வாக்கெடுப்பு.

ஆனால் அடுத்த ஆண்டே, டேவியின் பரிந்துரையின் பேரில் பாரடே ஆய்வுக்கூட இயக்குநரானார். பாரடேயும் தம்மைத் தூக்கிவிட்ட கையை வாழ்நாள் முழுவதும் மதிப்போடே நினைவுகூர்ந்தார். மனித உள்ளம் நாம் கோடு போட்டுப் பிரிக்கும் அளவுக்கு எளிதானதன்று.

மேடையில் ஒரு மாணவர்

அடக்கமான மனிதர் மேடைக்கு அஞ்சுவார் என்று நாம் எண்ணுகிறோம். பாரடேயோ அவர் காலத்தின் தலைசிறந்த அறிவியல் சொற்பொழிவாளர். அது பிறவி வரம் அன்று. மேடைப் பேச்சு கற்பிக்கும் ஸ்மார்ட் என்னும் ஆசிரியரிடம் கட்டணம் செலுத்திப் பயின்றார். தாம் பேசும்போது குறைகளைக் குறித்துத் தருமாறு நண்பரை எதிரில் அமர்த்தினார். வேகம் கூடினால், மெல்லப் பேசும்படி எழுதிய அட்டையைக் கண்முன் வைக்கச் செய்தார். தம் குறையைப் பிறர் சுட்டிக்காட்ட விரும்பி அழைப்பவனைவிடத் துணிவுடையவன் யார்?

1826இல் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். இளைஞர்க்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1827 முதல் 1860 வரை 19 ஆண்டுகளில் அவரே நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தி எரிவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வேதியியல் முழுவதையும் சிறுவர்க்கு விளங்க வைத்த அவருடைய உரைகள் நூலாகி உலகெங்கும் பரவின. கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இன்றும் அங்கே தொடர்கின்றன. கேட்போர் வியக்க வேண்டியது சோதனையை, சோதனை செய்பவனை அன்று என்பதே அவர் கடைப்பிடித்த முறை. அதனால்தான் அவரையும் வியந்தார்கள்.

தோல்வியையும் எழுதியவர்

1831 ஆகஸ்டு 29ஆம் நாள். தேனிரும்பு வளையம் ஒன்றின் இருபுறமும் கம்பிச்சுருள்களைச் சுற்றினார் பாரடே. ஒரு சுருளில் மின்னோட்டத்தை இணைத்தபோது, மற்றச் சுருளோடு சேர்த்த ஊசி சற்றே துடித்து அடங்கியது. துண்டித்தபோது மீண்டும் துடித்தது. மின்னோட்டம் சீராகப் பாயும்போது ஊசி அசையவில்லை. மாற்றம்தான் மின்சாரத்தைத் தூண்டுகிறது! இன்று அணைமின் நிலையத்தில் சுழலும் மின்னாக்கியும், நம் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரும் அந்தச் சிறு துடிப்பின் பேரப்பிள்ளைகள்.

அந்தத் துடிப்புக்கு முன்னால் பல தோல்விகள் உண்டு. 1825இல் முயன்று ஒன்றும் காணாததையும் அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டில் பார்க்கலாம். 1832 முதல் அவர் குறிப்பேட்டின் பத்திகளுக்கு எண் இடத் தொடங்கினார். அவை 16,041 வரை சென்றன. வென்றதற்கும் எண் உண்டு. தோற்றதற்கும் எண் உண்டு. புவியீர்ப்புக்கும் மின்சாரத்திற்கும் தொடர்பு இருக்குமா என்று தேடி, ஒன்றும் கிடைக்காதபோது, அந்தத் தோல்வியையே கட்டுரையாக்கி 1850இல் ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். வெற்றியை மட்டும் காட்டுவதுதான் விளம்பரம். இரண்டையும் காட்டுவது உண்மை.

மின்னாற்பகுப்பை ஆராய்ந்தபோது அவருக்குப் புதிய சொற்கள் தேவைப்பட்டன. கிரேக்கம் அறியாத அவர், கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெல் என்பவரைக் கேட்டார். நாம் இன்று ஆய்வகத்தில் உச்சரிக்கும் அயனி, ஆனோடு, கேத்தோடு ஆகிய சொற்கள் அவ்வாறு பிறந்தவையே. உயர்கணிதமும் அவருக்குத் தெரியாது. அவருடைய விசைக்கோடுகளுக்குக் கணித வடிவம் தந்தவர் இளைஞர் மாக்ஸ்வெல். 1857இல் 66 வயதுப் பாரடே, 26 வயது மாக்ஸ்வெல்லுக்கு ஒரு மடல் எழுதினார். கணிதக் குறியீடுகளில் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதித் தரலாகாதா, தம்மைப் போன்றோரும் அவற்றைச் சோதித்துப் பார்க்க ஏதுவாகுமே என்று கேட்டார். உலகப் புகழ் பெற்ற முதியவர், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஓர் இளைஞரிடம் எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். தெரிந்ததைச் சொல்லக் கூசிய நான், இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன்.

பணிவு வேறு, குனிவு வேறு

1835இல் அரசாங்கம் பாரடேக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தது. பிரதமர் மெல்பர்ன் பிரபு அவரை அழைத்துப் பேசினார். அறிஞர்க்கும் எழுத்தாளர்க்கும் உதவித்தொகை தரும் வழக்கத்தையே அவர் இழிவாகப் பேசிவிட்டார். பாரடே அங்கே வாதாடவில்லை. அன்று மாலையே, அத்தொகை தமக்கு வேண்டாம் என்று எழுதிய சீட்டைப் பிரதமரின் அலுவலகத்தில் சேர்த்துவிட்டார்.

செய்தி பரவியது. சமாதானம் செய்ய முயன்றவர்களிடம், பிரதமர் எழுத்து மூலமாக வருத்தம் தெரிவித்தாலன்றி ஏற்பதற்கில்லை என்று பாரடே உறுதியாக நின்றார். கொல்லன் மகனுக்கு இங்கிலாந்தின் பிரதமர் வருத்தம் தெரிவித்து எழுதினார்! அதன் பிறகே ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையை அவர் ஏற்றார்.

தம் பெருமையைத் தாமே பேசாதவர், தம் தொழிலின் பெருமையை வேறொருவர் மிதிக்க விடவில்லை. பணிவு என்பது தலையைத் தாழ்த்துவது. குனிவு என்பது முதுகெலும்பை வளைப்பது. முன்னது பண்பு, பின்னது அடிமைத்தனம்.

வேண்டாம் என்ற பட்டங்கள்

பிற்காலத்தில் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. தம்மை ஒரு காலத்தில் மடலுக்குப் பதிலும் இன்றி ஒதுக்கிய ராயல் சொசைட்டி, 1858இல் தலைமைப் பதவியை ஏற்குமாறு தூதுக்குழுவையே அனுப்பியது. அதையும் மறுத்தார். கடைசி வரையில் வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருக்க விரும்பினார்.

அப்படியானால் அவர் எல்லாப் பாராட்டையும் வெறுத்தவரா? இல்லை. காப்லி பதக்கத்தை இருமுறை பெற்றார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்தை ஏற்றார். பல நாட்டுக் கழகங்கள் அனுப்பிய சான்றிதழ்களைத் திரட்டி, பழைய தொழிலை மறவாதவராய், ஒழுங்காக ஏட்டில் சேர்த்து வைத்தார். அந்தத் தொகுப்பின் நடுவே ஓரிடத்தில், இவை அனைத்தையும்விடத் தமக்குப் பெருமையும் மகிழ்ச்சியும் தந்த நாள் என்று 1821 ஜூன் 12ஐக் குறித்து வைத்தார். அது அவர் சாரா அம்மையாரை மணந்த நாள்.

செய்த வேலைக்கு வந்த பாராட்டை அவர் மகிழ்ந்து ஏற்றார். வேலையைச் செய்ய விடாமல் நாற்காலியில் அமர்த்தும் பெருமையை மறுத்தார். இந்த வேறுபாட்டில்தான் அவருடைய அடக்கத்தின் மெய்ப்பொருள் இருக்கிறது என்று கருதுகிறேன்.

1858இல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீட்டை அவர் வாழ்வதற்கு அளித்தார். அங்கே 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், தம் படிப்பறை நாற்காலியில் அமர்ந்தவாறே அமைதியாக உயிர் நீத்தார். ஆரவாரமின்றி ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் உண்டு. வேறு புகழுரை ஏதும் இல்லை.

முடிவாக

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் படிக்கும் பலர் என்னைப் போலவே வீட்டின் முதல் பட்டதாரி ஆகவிருப்பவர்கள். நம் முன்னே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, வந்த வழியை மறைக்கப் பகட்டைப் பூணுவது. மற்றொன்று, வந்த வழியை எண்ணிக் கூசி, வாய்மூடி மூலையில் ஒதுங்குவது. முதலாவது தற்பெருமை என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது அடக்கம் என்று நாம் ஏமாறுகிறோம். பகட்டுபவனும் ஒதுங்குபவனும் ஓயாமல் தன்னைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே இருவரின் கவலையும். பாரடே அந்தக் கவலையைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். அதுவே அடக்கம்.

குடத்துள் இட்ட விளக்கு யாருக்கும் பயன்படாது. விளக்கைக் குன்றின்மேல் வைப்பது செருக்கன்று. விளக்கு எரிவது தன்னைக் காட்டுவதற்காக அன்று; வழியைக் காட்டுவதற்காக.

முதலாண்டில் அந்த வினாவுக்கு நான் விடை சொல்லவில்லை. மின்னோட்டம் மாறும்போது மட்டுமே ஊசி துடிக்கும் என்பதே அன்று நான் விழுங்கிய விடை. அதனை இங்கே எழுதிவிட்டேன். அடுத்த முறை எழுந்து நின்று சொல்வேன். சொல் தவறினால் தவறட்டும். திருத்தத்தானே ஆசிரியப் பெருமக்கள் இருக்கிறார்கள்!